ஏரிக்கரையில் ஒரு விசாரணை

ஞாயிற்றுக்கிழமைகளில் சுகந்தியும் அவள் கணவன் தனபாலும் ஊரைச் சுற்றியுள்ள இடங்களை நடந்தே பார்ப்பார்கள். அன்று ஏரியின் மறுகரைக்குப் போய்ப் பனைமரங்களுக்கடியில் உட்கார்ந்தார்கள். அவன் உரித்த ஆரஞ்சுச் சுளையை அவளுக்கு ஊட்டிய நேரத்தில் இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள்.

"யாரும்மா இவரு?" என்று மூத்தவன் கேட்டான்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

"கழுத்துல தாலியக் காணோமே. இது குடும்பத்தோட வர்ற எடம்."

சுகந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாலி வேண்டாமென்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்துத்தான் மாலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் தனபால் எழுந்துவிட்டான்.

"அண்ணே, நாங்க புருஷன் பொண்டாட்டிதாண்ணே" என்று குழைந்தபடி, செல்போனில் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து நீட்டினான்.

மூத்தவன் படத்தைப் பெரிதாக்கினான். படத்தையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"சரி தம்பி, சும்மாதான் விசாரிச்சோம். உக்காந்துட்டுப் போங்க."

"ரொம்ப நன்றிண்ணே" என்று தனபால் சிரித்தான். அந்த ஆட்களைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்றாள் சுகந்தி. "படத்துல இருக்கிறது நான் இல்ல."

கிளம்பியவர்கள் திரும்பினார்கள். தனபாலின் முகம் வெளுத்துப்போனது.

"என்ன சுகந்தி இது? சொல்லு அவங்ககிட்ட!"

அவள் தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"போனை உள்ள வெச்சுட்டு வந்து உக்காரு."

மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.