ஒற்றைப் பச்சைக்கல்

"ஏ கருப்பம்மா, ஓடிப்போன உம் மக மோட்டார் நிக்கிற எடத்துல வந்து நிக்கிறா!"

கடைக்காரர் கிபாயத்துல்லா ராவுத்தர் கொடைக்கானல் சந்தைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னார். பேரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த கருப்பம்மாள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"லீலாவா? நல்லாப் பாத்தீங்களா, ராவுத்தரே?"

"குளிருக்கு முக்காடு போட்டிருக்கா, மூஞ்சி தெரியல. ஆனா முக்காடு வெலகுனப்ப பாத்தேன், காதுல கெடக்குறது நான் மதுரையில இருந்து உம் மகளுக்குன்னு வாங்கியாந்து குடுத்த தோடு. செவப்புக்கல்லு நடுவுல ஒத்தப் பச்சைக்கல்லு. எனக்குத் தெரியாதா?"

ஒன்பது வருஷம் ஆயிற்று. வயசுக்கு வந்ததிலிருந்து லீலாவோடு தினம் ஒரு சண்டைதான். பாவாடை தாவணியைக்கூடப் பக்கத்து வீட்டுத் தமயந்தியோடு மாற்றி மாற்றிக் கட்டுவாள். கேட்டால் எதிர்த்துப் பேசுவாள். கன்னத்தில் ஓர் அறை வாங்கிக்கொண்டு வெளியே போனவள் திரும்பவில்லை. பச்சைக்கல் தோடு போட்ட பெண் எவனோடோ மோட்டார் ஏறினாள் என்று பேத்துப்பாறை ஊரே சிரித்தது.

அன்றைக்குத்தான் காட்டாற்றில் வெள்ளம். ஒரு வாரம் கழித்து ஒதுங்கிய பிணத்தில் முகமே தெரியவில்லை. காதில் கிடந்த முத்துத் தோட்டைப் பார்த்துத்தான் தமயந்தியின் அம்மா பாப்பம்மாள் "ஐயோ, என் தமயந்தி!" என்று விழுந்து அழுதாள். அந்தத் தோட்டை இன்றுவரை தன் காதில் போட்டிருக்கிறாள். ஊர் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டும்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் கருப்பம்மாளுக்கு வயிறு எரியும். "உனக்கென்னடி, உம் மக மானத்தோட செத்தா" என்று முகத்துக்கு நேரேயே ஒரு தடவை சொல்லிவிட்டாள். லீலாவை அவள் தலைமுழுகியாயிற்று. அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

இப்போது கூடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வாய் வைதுகொண்டே இருந்தது. கை மட்டும் நல்ல கனிந்த பழமாக நாலைந்தைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

மோட்டாருக்குப் பக்கத்தில் முக்காட்டோடு நின்றவளின் காதோரம் துணி விலகி அந்தத் தோடு மினுங்கியது. கருப்பம்மாள் பின்னாலிருந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி சிறுக்கி, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த? கழட்டுடி அந்தத் தோட்டை!"

முக்காடு சரிய, அவள் திரும்பினாள். தமயந்தி!

கருப்பம்மாளின் மடி அவிழ்ந்து பழங்கள் மண்ணில் உருண்டன.

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. நான் எங்க வீட்டுக்காரரோட கண்டிக்குப் போன அன்னைக்கு லீலாதான் வழியனுப்ப வந்தா. ஞாபகமா இருக்கட்டும்னு இதை எனக்குப் போட்டுவிட்டுட்டு, என் முத்துத் தோட்டை அவ போட்டுக்கிட்டா."

தமயந்தி காதைத் தடவிக்கொண்டு ஆசையாகச் சிரித்தாள்.

"அவ எங்க பெரியம்மா, புருசன் வீட்லயா?"