பதினாறு குளிசை

டுப்.

அந்தச் சத்தத்தை நிரோஜினி கேட்டு இருபத்திரண்டு வருசமாகிறது. மருத்துவிச்சியாக முதல் வேலை, திரியாயில். ஒரு வீட்டின் படலையைத் திறக்கும்போது கிணற்றுக்குள் ஏதோ விழுந்தது. "குளிசை எல்லாம் குடிச்சு முடிச்சிட்டன் மிஸ்" என்று சிரித்துக்கொண்டு வந்தாள் ஒரு கர்ப்பிணிப் பெண். நிரோஜினி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றில் விழுந்தது மாத்திரை குறையாத குளிசைப் போத்தல். உடம்பில் இரத்தம் போதாமல் அந்தப் பெண் பிரசவத்தோடு போய்விட்டாள்.

அன்றிலிருந்து "குடிக்கிறன் மிஸ்" என்று யார் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. எண்ணிப் பார்ப்பாள்.

கிண்ணியாவில் அப்ராவின் வீட்டுக்கும் இன்றைக்குச் சொல்லாமல்தான் போனாள்.

அப்ராவுக்கு இருபது வயது, வயிற்றில் ஏழு மாதம். பத்தரையாக இருந்த இரத்த அளவு இந்த முறை எட்டரைக்கு இறங்கியிருந்தது. தாய் இல்லாத பிள்ளை. வாப்பா துறைமுகத்தில் வேலை. புருசன் அர்ஷாக் கடலுக்குப் போகிறவன். வீட்டில் இருப்பது வாப்பாவின் இரண்டாம் மனைவி றிஷானா. அப்ரா அவளைச் சாச்சி என்பாள்.

முற்றத்தில் அப்ரா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, காற்றில் அசைந்த திரைச்சீலைக்குப் பின்னால், இருட்டில் கதிரையில் சாய்ந்தபடி றிஷானா தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் அவித்த முட்டையின் கோது.

"பிள்ளை, தோடம்பழம் ஆருக்கு வாங்கினது?"

"எனக்குத்தான் மிஸ். அவர் கொண்டு வந்த."

"அப்ப ஏன் அது அங்கை போகுது?"

"எனக்குப் புளிப்புப் பிடிக்கல்ல."

"போன மாசம் தேசிக்காய்த் தண்ணி கேட்டுக் கேட்டுக் குடிச்சனி."

அப்ரா சவர்க்கார நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி போடு அப்ரா" என்றது உள்ளேயிருந்து குரல். எழும்பி வரவில்லை.

"தேத்தண்ணி வேண்டாம். குளிசையைக் கொண்டு வா பிள்ளை."

இரும்புச்சத்துக் குளிசை உறையை நிரோஜினி மேசையில் கொட்டினாள். வைட்டமின் சீ உறையையும் கொட்டினாள். இரண்டிலும் ஒரே கதை.

"மாசத்துக்கு முப்பது தந்தனான். இண்டைக்குப் பதினாலு நாள். பதினாறு இருக்க வேணும். ரெண்டுதான் கிடக்கு."

"ரெண்டு ரெண்டாக் குடிச்சன் மிஸ். ரெத்தம் கெதியா ஏறட்டும் எண்டு."

"ஏறேல்லையே. இறங்கியெல்லோ இருக்கு."

நிரோஜினி எழுந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கிணத்துல என்ன மிஸ் தேடுறீங்க? ஒரு வாளிதான் விழுந்த. அதுவும் போன நோன்புக்கு" என்றாள் அப்ரா.

நிரோஜினி சிரிக்கவில்லை. திரைச்சீலையைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்கள் ஏன் வெளியிலை வாறேல்லை? ரெண்டு மாசமா நான் வரேக்கை எல்லாம் உள்ளுக்கேயே இருக்கிறீங்கள். உடம்பிலை கொஞ்சம் வெயில் பட வேணும். அதுவும் சத்துத்தான்."

"எனக்கு வெயில் ஒத்துவராது மிஸ்."

"பிள்ளைத்தாச்சியின்ரை சாப்பாடு மட்டும் ஒத்துவருது."

நிரோஜினி பையிலிருந்து பேனையை எடுத்தாள்.

"நான் டொக்டருக்கு எழுதப் போறன். இந்தப் பிள்ளைக்குக் குடுக்கிற சத்தெல்லாம் இந்த வீட்டிலை ஆர் தின்னுறது எண்டு அவரே வந்து கேக்கட்டும். எட்டரையோடை பிரசவத்துக்குப் போனால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஒருக்காப் பாத்தனான்."

அப்ரா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "மெல்லக் கதைங்க மிஸ். சாச்சிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

கேட்டுவிட்டது. திரைச்சீலை விலகியது.

"எட்டரையா?"

றிஷானா கேட்டது நிரோஜினியை அல்ல, அப்ராவை.

"மிஸ் மிச்சமாத் தாறா, ரெண்டு பேருக்கும் காணும் எண்டுதானே நீ சொன்னாய்?"

அப்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

றிஷானா வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு இறங்கி, பத்து மணி வெயிலில், முற்றத்தின் நடுவுக்கு வந்தாள். ஆடிக் காற்று அவளுடைய தொளதொளத்த அங்கியை உடம்போடு ஒட்டவைத்தது. வேலிக்கு அப்பால் கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கதையை நிறுத்தினார்கள்.

நாலரை மாத வயிறு இருக்கும்.

றிஷானாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பவன். மருமகன் இருக்கிற வீட்டில் மாமியும் வயிற்றோடு நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்று நிரோஜினிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"ஊர் சிரிக்கும் எண்டு சாச்சி ஒரே அழுத மிஸ்" என்றாள் அப்ரா மெதுவாக. "செத்தாலும் கிளினிக்குக்கு வரமாட்டன் எண்டா. என்னை மூணு வயசிலருந்து வளத்தது அவதானே. அதான் பங்கு வெச்சன். குளிசை பாதி மாசத்தோட முடிஞ்சிரும். அவக்கு அது தெரியா."

வேலிப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

றிஷானா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சிரிச்சிட்டுப் போகட்டும். எனக்கும் ஒரு கிளினிக் காட் போடுங்க மிஸ். அவட குளிசைய இனி அவ குடிக்கட்டும்."

முறைப்பாடு எழுத எடுத்த பேனையால் நிரோஜினி புது அட்டையில் றிஷானாவின் பெயரை எழுதினாள்.

அடுத்த கிளினிக் நாளில் சாச்சியும் மகளும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

புரட்டாதியில் அப்ராவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பிள்ளையின் மாமா மார்கழியில் பிறந்தான்.