எட்டாவது கண்ணாடிப் பெட்டி

“இந்தப் பொண்ணுக்குக் கையே நடுங்குது. இவளை நம்பியா எங்க குழந்தையை விடச் சொல்றீங்க?”

வார்டில் இருந்த ஒரு குழந்தையின் அப்பா இப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. எனக்குள்ளும் அதே கேள்விதான்.

ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டு அது. எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள், எட்டுக் குழந்தைகள். அத்தனைக்கும் கரண்ட் தருவது பக்கத்து அறையில் ஜோடியாக ஓடும் இரண்டு இன்வெர்ட்டர்கள். ஜோடிதான், ஆனால் ஒத்துப்போகவில்லை. வார்டுக்குப் போக வேண்டிய கரண்டில் கொஞ்சம், இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் வெட்டியாகச் சுற்றிச் சுற்றி, இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன. இப்படியே விட்டால் ஒருநாள் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

அடுத்த நொடி என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தச் சுற்றலை அடக்க நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். குழந்தைகளை வேறு எங்கும் மாற்ற இடமில்லை. ஓடுகிற வார்டில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். பிசகினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

எங்கள் கம்பெனி முதலாளி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

“அவ ஒரு பயந்தாங்கொள்ளி, விடுங்க சார். என் பேத்தியும் இதே வார்டுலதான் இருக்கா. நம்பிக்கை இல்லாமலா இந்த வேலையில இறங்குவேன்?”

அவ்வளவுதான். பெற்றவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மனுஷனுக்கு என்ன துணிச்சல் என்று நினைத்துக்கொண்டே பக்கத்து அறைக்குப் போய் புரோகிராமைப் போட்டேன்.

சுற்றிக்கொண்டிருந்த கரண்ட் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் வார்டு இழுக்கும் கரண்ட், எட்டுப் பெட்டிக்கு நான் போட்ட கணக்கைவிடக் குறைந்திருந்தது. சரியாக ஒரு பெட்டி இழுக்கும் அளவு குறைச்சல்.

எனக்கு உயிரே போய்விட்டது. யாரோ ஒரு குழந்தையின் பெட்டி அணைந்துவிட்டது என்று வார்டுக்கு ஓடினேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கதகதப்பாகத்தான் இருந்தன. கடைசிப் பெட்டியும்தான். ஆனால் அதன் வயர் மட்டும் சுவரில் இல்லை. அடியில் இருந்த ஒரு புத்தம்புது பேட்டரியில் செருகியிருந்தது.

இதை யார் மாற்றினார்கள் என்று நர்ஸிடம் கேட்டேன்.

“உங்க முதலாளிதான் மேடம், காலைல வந்து மாத்தச் சொன்னாரு. பேத்தி விஷயத்துல விஷப்பரீட்சை வேணாம்னாரு.”