முதல் வேகனில் நின்றவர்

பெண்கள் தண்டவாளத்தின் குறுக்கே அமர்ந்தார்கள்.

எண்ணூர் உப்பளத்துக்கு உப்பேற்ற வரும் காலி வேகன்களை மறிக்க வேண்டும். நாடு விடுதலை பெற்று ஓராண்டு ஆகியும் விடுதலை பெறாத கூலிக்காக அந்த மறியல்.

சங்கத் தலைவர் வரதன் உப்புக் குவியலின் மேல் ஏறி நின்று முழங்கினார்.

"இந்தக் கிளைப்பாதைக்கு மண் சுமந்தவர்கள் உங்கள் தாய்மார்கள்! உங்கள் மீது ஏற எந்த வண்டிக்கும் உரிமையில்லை!"

"மெய்யாலுமே நிக்குமா தலீவரே?" முன்வரிசையிலிருந்து கெங்கம்மா கேட்டார்.

"ஓட்டுறது நம்ம பாஸ்கல். உன் மூஞ்சியப் பாத்தா அவன் இன்னா, எமனே நின்னுடுவான்!"

சிரிப்பு எழுந்தது.

வளைவில் வேகன்கள் தெரிந்தன. எஞ்சின் தெரியவில்லை.

வரதனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று மைல் பாதையின் முடிவில் எஞ்சினை மாற்றிப் பூட்ட இடமில்லை. ஆகவே உப்பளம் நோக்கி வரும்போது அது வேகன்களைப் பின்னாலிருந்து தள்ளும். பாஸ்கலுக்கு முன்னே எதுவும் தெரியாது. முதல் வேகனில் நிற்பவர் சிவப்புக் கொடி காட்டினால்தான் நிறுத்துவார்.

முதல் வேகனில் எவரும் இல்லை.

அங்கே நிற்க வேண்டிய ஜெயவேலைப் பேசிப் பேசி வேலைநிறுத்தத்துக்கு இழுத்து வந்தவர் வரதன்தான்.

"எழுந்திருங்கள்!" என்று அலறினார். அவரே கற்றுக்கொடுத்த முழக்கங்கள் அந்தக் குரலை விழுங்கின.

ஓரமாய் நின்ற ஜெயவேல் சங்கத்தின் சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஊர்ந்து வந்த முதல் வேகனில் தொற்றி ஏறினார். பின்பக்கம் திரும்பிக் கொடியை அசைத்தார்.

கெங்கம்மாவின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிச் சக்கரம் நின்றது.

சக்கரத்தையே பார்த்திருந்தவர்கள் ஜெயவேல் ஓடியதைக் காணவில்லை. நிமிர்ந்தபோது அவர் தம் பழைய இடத்தில், முதலாளியின் வேகன்மேல் நின்றிருந்தார்.

"அடப்பாவி! எங்கூட கோஷம் போட்டுகினு இருந்துட்டு வேலைக்கா பூட்ட? கருங்காலி!" என்றார் கெங்கம்மா.

உப்புக்கட்டி ஒன்று பறந்து ஜெயவேலின் நெற்றியைப் பிளந்தது. அடுத்தடுத்து இன்னும் பறந்தன.

"நீயாச்சும் சொல்லு தலீவரே." ஜெயவேல் நெற்றியைப் பொத்தியபடி வரதனைப் பார்த்துக் கெஞ்சினார்.

சொல்லலாம். அப்படியானால், சாவின் பாதையில் இவர்களை உட்கார வைத்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வரதன் கண்களைத் தாழ்த்தினார். கையை உயர்த்தினார்.

"தோழர்களே, வென்றோம்!"