தீப்புண் களிம்பு

கரியாலூரில் கடை வைத்திருக்கும் கரீம், பிரசவ வலியெடுத்த மகள் முஹ்சினாவைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கிய மறுகணம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் முழுவதும் தரையில் கொட்டியது.

சுகப்பிரசவம். மறுநாள் மெக்கானிக் சின்னராசு கூலண்ட் ஓடும் ரப்பர் குழாயான ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றினான். இரண்டு விரல் நுழையும் கிழிசல்.

"இத வெச்சிக்கினா மலை எறங்குனீங்க பாய்? ரெண்டாவது வளைவுலயே வண்டி படுத்திருக்கணுமே!"

"அல்லா காப்பாத்துனான்பா."

"அது சரி, இத யாரு புடிச்சிக்கினு வந்தது?"

கிழிசலைச் சுற்றி ரப்பரில் ஐந்து விரல்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. குழந்தையின் கை அளவுதான் இருக்கும்.

"கொதிக்கிற ஹோஸாச்சே," என்றார் கரீம். "எவ்ளோ சுட்டிருக்கும்!"

புது ஹோஸ் மாட்டியதும் ஒழுகல் நின்றது. கரீமுக்குத்தான் மனம் ஆறவில்லை. தீப்புண் களிம்பு ஒன்று வாங்கி, துஆ செய்து, பானெட்டுக்குள் பேட்டரி மேல் வைத்து மூடினார்.

காலையில் திறந்தபோது களிம்பு பாதி பிதுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கிடந்த மூடியில் சின்னச் சின்னப் பல் தடங்கள்.

கரீம் மருந்துக் கடைக்குப் போய் இன்னொரு களிம்பு வாங்கி வந்து, மூடியைத் தாமே திறந்து உள்ளே வைத்தார்.