முகப்பு லட்சுமி

"இந்தத் தூணைத் தட்டிப் பாருங்க அம்மிணி. கருங்கல்லாட்டம் இருக்கும்," என்றார் வீரபாகு.

வினோலியா தட்டவில்லை. பயமாக இருந்தது. தூணின் மேலிருந்த தேக்கு விட்டம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. விடாத மழையில் சுவர் ஊறிக் கிடந்தது.

அவள் நகராட்சிப் பொறியாளர். சேலத்துக் கல்லூரியில் பழைய கட்டடங்களை ஆராய்ச்சி செய்பவள் என்று பொய் சொல்லித்தான் அந்த ஜவுளிக்கடைக்குள் நுழைந்திருந்தாள். கடைவீதியிலேயே மூத்த கட்டடம் அது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாயிற்று. போலீஸும் வந்து பேசிப் பார்த்தது. உயிர் உள்ளவரை இந்தக் கடையை விட்டு வெளியேற மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, குடும்பத்தை மட்டும் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீரபாகு அங்கேயே கிடந்தார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். தேக்கு கொச்சியிலிருந்து ரயிலில் வந்ததாம். சாந்துக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்களாம். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. முட்டையைத் தொடாத பாட்டனார் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாராம்.

மேலிருந்து காரை உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது.

"முகப்புல ஒரு லட்சுமி சிலை இருக்காமே, அதைக் காட்டுங்களேன்," என்றாள் அவசரமாக.

"அது லட்சுமி இல்லீங்க. கொத்தனாரு எங்க பாட்டனார் சம்சாரத்தோட மூஞ்சிய வெச்சுட்டாரு. எதிர்சாரியில நின்னு பாத்தாத்தான் தெரியும்."

"வாங்க, பார்க்கலாம்."

அவர் உடனே வரவில்லை. மரப்படி, மாடி வளைவுகள், சுவரில் பதித்த இரும்புப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஒருவழியாக வாசலுக்கு வந்தவர், உள்ளே திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு தெருவைக் கடந்தார்.

அவர்கள் எதிர்சாரியில் கால் வைத்ததும், காத்திருந்த நகராட்சி ஆட்கள் ஓடிப்போய்க் கடையின் கதவைச் சாத்தி, குறுக்கே கயிறு கட்டினார்கள்.

வினோலியாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடுங்க ஐயா. நான் காலேஜ்ல இருந்து வரலை."

"தெரியுமுங்க. நோட்டீஸ் ஒட்ட வந்தன்னைக்கே உங்களை ஜீப்புல பாத்தேன்," என்றார் வீரபாகு, முகப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானா வெளிய வந்தா எங்கய்யனுக்குக் குடுத்த வாக்குத் தப்பிப்போயிருமுங்க. அதான், ஆராச்சும் ஏமாத்திக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களான்னு உக்காந்திருந்தேன்."