சாமிக்குச் சொன்னது

காலை ஆறு பத்து.

முடி இறக்கும் மண்டபத்தில் தரை ஈரமாக இருந்தது. அவர் சப்பணமிட்டு உட்கார முயன்றார். முட்டி மடங்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

நாவிதர் புது பிளேடை அவர் கண்முன்னே பிரித்தார்.

அப்பா இறந்தபோதுகூட அவர் மொட்டை போடவில்லை. பங்காளிகள் சுடுகாட்டிலேயே சண்டைக்கு வந்தார்கள். நம்பாததைச் செய்ய மாட்டேன் என்றார்.

இன்றைக்கும் நம்பவில்லை.

மூன்றடி தள்ளி, தூணில் சாய்ந்து சாரதாமணி. அவருடைய மனைவி. தலையைச் சுற்றிச் சால்வை.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அவர் நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். அறுவை அறையின் வாசலில் நின்று அவள் வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்தால் தன் முடியைத் தருவதாக. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி.

பிழைத்தார்.

"டாக்டர் பொழைக்க வெச்சாரு. முருகனுக்கு எதுக்கு உம்பட மசுரு?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அடுத்த வருடம், முடி கொடுக்கப் போகலாமா என்று மறுபடி கேட்டாள். அதற்கடுத்த வருடமும். பிறகு கேட்கவில்லை.

இந்த மாசியில், மூன்றாவது ஊசிக்குப் பிறகு, தலையணையெல்லாம் முடி. புற்று என்று தெரிந்த நாளில் அழாதவள் அன்று அழுதாள். ஒன்று விடாமல் பொறுக்கித் துணிப்பையில் போட்டாள்.

"சாமிக்குச் சொன்னதுங்க. வீணாப் போச்சு."

போன வாரம் டாக்டர், இனி ஊசி வேண்டாம் என்றார். வீட்டிலேயே இருக்கட்டும், பிடித்ததைச் சாப்பிடட்டும் என்றார்.

முடி வளர்ந்ததும் தானே வந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். வரும் வழியில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அவர் சாலையைப் பார்த்து வண்டியை ஓட்டினார்.

துணிப்பை இப்போது அவர் மடியில் இருந்தது. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டுப் பார்த்திருந்தார். உதிர்ந்த முடியை எடுத்துக்கொள்வதில்லையாம்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

ஒரு சீட்டு என்றார். தன் பெயரைச் சொன்னார்.

தலையில் தண்ணீர் விழுந்தது. பிளேடு உச்சியிலிருந்து இறங்கியது. ஏற்கனவே பாதி வழுக்கை. மிச்சம் இருந்தது நரை. ஒரு கைப்பிடிகூடத் தேறாது.

கொடுக்க வெட்கமாக இருந்தது.

காற்றில் சாரதாமணியின் சால்வை நழுவித் தோளில் விழுந்தது.

அவள் இழுத்து மூடவில்லை. சுற்றிலும் மொட்டைத் தலைகள். சந்தனம் பூசியவை, பூசாதவை. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாவிதர் மட்டும் பார்த்தார். பிளேடு நின்றது. நாவிதரின் முகம் மலர்ந்தது.

"அம்மா முன்னாடியே எறக்கிட்டீங்களாட்ட. வேண்டுனது நடந்துருச்சுங்களா?"